அரை மில்லிமீட்டர் உப்பு

கெமிக்கல் இன்ஜினியரிங்கில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் ஹீட் டிரான்ஸ்ஃபர், அதாவது வெப்பப் பரிமாற்றம். நாலாவது செமஸ்டரில் வரும். அதற்கு முன்னால் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், பின்னால் மாஸ் டிரான்ஸ்ஃபர், நடுவில் இது. எங்கள் வகுப்பில் பலருக்கு அது டேட்டா புக்கைப் புரட்டி, பொருத்தமான சூத்திரத்தைத் தேடிப் பிடித்து, எண்களைப் போட்டு விடை எழுதும் பேப்பர். தேர்வு அறைக்குள் டேட்டா புக்கைக் கொண்டுபோகலாம் என்பதால் "பயப்படாதீங்கடா, இதுல யாரும் அரியர் வைக்க மாட்டாங்க" என்று சீனியர்கள் தைரியம் சொல்வார்கள். எனக்கு அது வேறு விதமாக ஒட்டிக்கொண்டது. அந்தப் பாடம் முழுவதும் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறது: வெப்பம் இங்கிருந்து அங்கே போகிறது, வழியில் அதை அதிகமாக மறித்து நிற்பது எது?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் பாடத்தின் பாதி தானாக விளங்கிவிடும் என்பது என் நம்பிக்கை. இப்போது படிக்கிற பிள்ளைகள் சிலர் எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையெல்லாம் கொஞ்சம் விரிவாக எழுதிப் பார்க்கிறேன்.

முதல் யூனிட் கடத்தல், அதாவது பொருளின் ஊடாக வெப்பம் பரவுவது (கண்டக்ஷன்). ஃபூரியேயின் விதி. பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபூரியே நெப்போலியனோடு எகிப்துக்குப் போய் வந்தவர், பிறகு கிரெனோபிளில் அரசு நிர்வாகியாக இருந்தவர். நிர்வாக வேலைக்கு நடுவே உலோகங்களில் வெப்பம் பரவுவதை ஆராய்ந்து 1807-ல் பாரிசில் கட்டுரை சமர்ப்பித்தார். அதிலிருந்த கணித முறையை லக்ராஞ்சு போன்ற பெரியவர்கள் ஏற்கவில்லை. புத்தகமாக வெளிவர 1822 ஆயிற்று. அவர் சொன்னது கேட்க எளிமையானது: வெப்பநிலை எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறதோ அவ்வளவு வெப்பம் பாயும். பொருளுக்குப் பொருள் மாறுவது அதன் கடத்துத்திறன் மட்டுமே. செம்புக்கு ஏறத்தாழ 400, துருப்பிடிக்காத எஃகுக்கு 16, தண்ணீருக்கு 0.6, காற்றுக்கு 0.026. மீட்டர், டிகிரி, வாட் கணக்கில் இந்த நான்கு எண்களையும் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செம்புக்கும் காற்றுக்கும் நடுவே பதினையாயிரம் மடங்கு வித்தியாசம் இருக்கிறது. பாடத்தின் பெரும்பகுதி அந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது.

தட்டைச் சுவர், உருளை, கோளம் என்று மூன்றுக்கும் சமன்பாடு வருவிப்பதிலேயே வகுப்பில் நிறைய நேரம் போய்விடும். அந்த நேரத்தில் பாதியைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஆனால் உருளைக்கு இன்சுலேஷன் போடும் கணக்கை மட்டும் யாரும் தவறவிடக் கூடாது. மெல்லிய கம்பியின் மேல் பிளாஸ்டிக் உறை போட்டால் வெப்ப இழப்பு குறையாது, கூடும். உறை தடிமனாகத் தடிமனாக உள்ளே தடை ஏறுகிறது, ஆனால் வெளிப்பரப்பும் விரிகிறது. உறையின் கடத்துத்திறன் 0.15, வெளிக்காற்று வெப்பத்தை வாங்கும் குணகம் (அடுத்த யூனிட்டில் வரும்) 10 என்றால், ஆரம் 15 மில்லிமீட்டரை எட்டும் வரை பரப்பு விரிவதுதான் ஜெயிக்கும். வீட்டு மின்கம்பிகள் எல்லாம் அந்த ஆரத்துக்கு வெகு கீழே இருப்பவை. உறை அவற்றைக் குளிர்விக்கவும் உதவுகிறது. இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

அடுத்தது சலனம், அதாவது ஓடும் திரவமோ வாயுவோ வெப்பத்தைச் சுமந்துபோவது (கன்வெக்ஷன்). திடப்பொருளின் மேல் திரவமோ வாயுவோ ஓடும்போது சுவரை ஒட்டி ஒரு மெல்லிய படலம் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது. 1904-ல் ஜெர்மானியப் பொறியாளர் பிராண்டல் இந்த எல்லைப் படலத்தை விளக்கும் வரை, ஓடும் நீர் ஏன் சுவரருகில் வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்பது தெளிவாகவில்லை. வெப்பம் தட்டுத்தடுமாறுவது அந்தப் படலத்தில்தான். ஓட்டத்தை வேகப்படுத்தினால் படலம் மெலியும், வெப்பம் சுலபமாகப் போகும். எவ்வளவு சுலபமாக என்பதைச் சொல்லும் எண்தான் வெப்பப் பரிமாற்றக் குணகம். செம்பின் கடத்துத்திறன் போல அது ஒரு பொருளுக்குச் சொந்தமான குணம் இல்லை. ஒரே தண்ணீர் மெதுவாக ஓடினால் ஒன்று, வேகமாக ஓடினால் வேறொன்று. இந்த வேறுபாட்டை இரண்டாம் யூனிட்டின் முதல் நாளிலேயே அழுத்திச் சொல்லிவிட்டால் எத்தனையோ குழப்பம் மிச்சமாகும்.

அந்தக் குணகத்தைக் கண்டுபிடிக்கத்தான் டேட்டா புக்கில் அத்தனை சூத்திரங்கள். குழாய்க்குள் கொந்தளித்து ஓடும் நீருக்கு எல்லோரும் எழுதுவது டிட்டஸ்–போல்ட்டர் சமன்பாடு: நுசெல்ட் எண் சமம் 0.023 பெருக்கல் ரெனால்ட்ஸ் எண்ணின் 0.8 அடுக்கு பெருக்கல் பிராண்டல் எண்ணின் 0.4 அடுக்கு. நுசெல்ட் எண்ணில் குணகம் ஒளிந்திருக்கிறது, ரெனால்ட்ஸ் எண்ணில் ஓட்டத்தின் வேகம், பிராண்டல் எண்ணில் திரவத்தின் குணம். கடைசி அடுக்கு மட்டும் சூடாகும் திரவத்துக்கு 0.4, குளிரும் திரவத்துக்கு 0.3. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டிட்டஸும் போல்ட்டரும் இதை வெளியிட்டது 1930-ல். ஆனால் அவர்கள் எழுதியது 0.023 அல்ல. சூடாவதற்கு 0.0243, குளிர்வதற்கு 0.0265 என்று இரண்டு எண்கள். இன்று நாம் எழுதும் 0.023 பின்னால் மெக்காடம்ஸ் எழுதிய பாடநூல் வழியாக நிலைபெற்றது. இந்தக் கதையை நான் மாணவர்களுக்கு விரும்பிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தச் சமன்பாடு பலருடைய அளவீடுகளின் ஊடாக இழுத்த ஒரு கோடு. நிஜக் குழாயில் அளந்தால் விடை இருபது சதவீதம் இப்படியோ அப்படியோ தள்ளிப் போவது சாதாரணம். நான்கு தசம இடம் வரை விடை எழுதினால்தான் முழு மதிப்பெண் என்று திருத்துகிற பழக்கம் இந்த உண்மையை மறைத்துவிடுகிறது. தப்பான துல்லியத்தைக் கற்றுக்கொண்ட மாணவர், வேலைக்குப் போன இடத்தில் எந்த எண்ணை நம்புவது, எதை நம்பக் கூடாது என்று தெரியாமல் நிற்கிறார்.

சரி, இப்போது பாடத்தின் இதயத்துக்கு வருகிறேன். ஒரு குழாய். வெளியே நீராவி குளிர்ந்து நீராகிறது, உள்ளே தண்ணீர் ஓடுகிறது. வெப்பம் நீராவிப் படலம், உலோகச் சுவர், தண்ணீர்ப் படலம் என்று மூன்றையும் வரிசையாகத் தாண்ட வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு தடை. படலத்தின் தடை அதன் குணகத்தின் தலைகீழ், சுவரின் தடை அதன் தடிமனைக் கடத்துத்திறனால் வகுத்தது. மூன்றையும் கூட்டித் தலைகீழாக்கினால் ஒட்டுமொத்தக் குணகம் கிடைக்கும். நாங்கள் அதை 'யு' என்போம்.

எண் போட்டுப் பார்த்தால்தான் இது உடம்பில் ஏறும். நீராவிப் பக்கம் குணகம் 8000. தடை 0.000125. இரண்டு மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுச் சுவர். தடை அதே 0.000125. தண்ணீர்ப் பக்கம் குணகம் 2000. தடை 0.0005. மொத்தம் 0.00075, யு 1333. எஃகுக்குப் பதில் செம்பு போட்டால் சுவரின் தடை 0.000005 ஆகச் சுருங்கும், யு 1587 ஆகும். நல்ல லாபம். இப்போது உள்ளே தண்ணீருக்குப் பதில் காற்றை ஓட விடுங்கள், குணகம் 50. அதன் தடை மட்டும் 0.02. எஃகுக் குழாயில் யு 49.4. செம்புக் குழாயில் 49.7. அவ்வளவுதான்! எத்தனை லட்சம் செலவழித்துச் செம்பு வாங்கினாலும் கிடைப்பது இந்தக் கடுகளவு. நீராவிப் பக்கத்தை இரண்டு மடங்கு மேம்படுத்தினாலும் அதே கதைதான். சென்னையிலிருந்து விழுப்புரத்துக்கு ரயிலில் விரைவாக வந்து இறங்கியவர், ஊருக்குப் போகும் ஒரே மினி பஸ்ஸுக்காக ஐந்து மணி நேரம் காத்திருக்கிறார் என்றால், ரயிலை இன்னும் கால் மணி நேரம் முன்னால் கொண்டுவந்து அவருக்கு என்ன ஆகப்போகிறது? பெரிய தடை எங்கே இருக்கிறதோ அங்கேதான் கை வைக்க வேண்டும். காற்றைக் கையாளும் குழாய்களில் துடுப்புகள் (ஃபின் எனப்படும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பரப்பைக் கூட்டுவது இதனால்தான். அதுவும் காற்று இருக்கும் பக்கத்தில் மட்டும்.

இந்தத் தடைக் கணக்கில் நான் மேலே விட்டுவைத்த ஒன்று உண்டு. தேர்வு வினாத்தாளில் அது கடைசி வரியில் வரும்: "ஃபவுலிங் ஃபேக்டர் 0.0002 எனக் கொள்க." படிவு. குழாயின் மேல் காலப்போக்கில் ஏறும் உப்பு, சேறு, பாசி, துரு. வகுப்பில் அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கொடுத்த எண்ணைக் கூட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவோம். எனக்கு அந்த வரியின் கனம் புரிந்தது லேப்பில்.

எங்கள் லேப்பில் நின்ற வாக்கில் ஒரு கண்டென்சர், அதாவது நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கருவி, இருந்தது. எஃகு உறைக்குள் ஒற்றைச் செம்புக் குழாய். வெளியே நீராவி, உள்ளே தண்ணீர். ரோட்டாமீட்டரில் (ஓட்டத்தை அளக்கும் கருவி) தண்ணீரின் அளவை மாற்றி மாற்றி வைத்து, உள்ளே வரும் வெப்பநிலை, வெளியே போகும் வெப்பநிலை எல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து வில்சன் வரைபடம் போட வேண்டும். 1915-ல் வில்சன் என்பவர் நீராவிக் கண்டென்சர்களுக்காகச் சொன்ன முறை இது. வெப்பப் பரிமாற்றத்தைப் பரிமாணமற்ற எண்களால் எழுதலாம் என்று ஜெர்மனியில் நுசெல்ட் கட்டுரை வெளியிட்டதும் அதே வருடம்தான்.

வில்சனின் யோசனை அத்தனை அழகானது. தண்ணீர்ப் பக்கத்துத் தடை வேகத்தின் 0.8 அடுக்குக்குத் தலைகீழாகக் குறையும் என்று நமக்குத் தெரியும். மற்றத் தடைகள் தண்ணீரின் வேகத்தைக் கண்டுகொள்வதில்லை. ஆகவே மொத்தத் தடையை ஒய் அச்சிலும், வேகத்தின் 0.8 அடுக்கைத் தலைகீழாக்கி எக்ஸ் அச்சிலும் வைத்தால் நேர்கோடு வரும். அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டுங்கள். அது ஒய் அச்சைத் தொடும் இடம், தண்ணீர் முடிவில்லாத வேகத்தில் ஓடினால் மிஞ்சக்கூடிய தடை. அதாவது தண்ணீரைத் தவிர மற்ற எல்லாம். குழாயை வெட்டாமல், உள்ளே எட்டிப் பார்க்காமல், வெளியில் இருந்து அளந்த வெப்பநிலைகளை வைத்தே உள்ளே இருப்பதைப் பிரித்துச் சொல்லிவிடலாம். பட்டப்படிப்பில் நான் செய்த சோதனைகளில் இதற்கு இணையாக எதையும் சொல்ல மாட்டேன்.

எங்கள் கோடு அழகாகத்தான் வந்தது. ரெக்கார்டில் ஒட்டிக்கொண்டு போனோம். மேடம் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, கோடு அச்சைத் தொடும் இடத்தில் பேனாவை வைத்தார்.

"இந்த எண்ணுக்குள்ள என்னென்ன இருக்குப்பா?"

"நீராவிப் படலமும் செம்புச் சுவரும், மேடம்."

"செம்போட தடை எவ்வளவு வரும்? நீராவியோடது எவ்வளவு? ரெண்டையும் கூட்டி இதுக்குப் பக்கத்துல எழுதுங்க."

எழுதினோம். நீராவிக்கு 0.000125. செம்புக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. வரைபடம் காட்டியதோ 0.0004-க்கு மேல். மூன்று மடங்கு. மிச்சம் யாருடையது என்று மேடம் சொல்லவில்லை. "லேப் அண்ணாகிட்ட போய் மூடியைக் கழட்டித் தரச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். ஸ்பேனரோடு வந்த அண்ணா சிரித்துக்கொண்டே கழட்டினார். "போர் தண்ணிதான தம்பி வருசக்கணக்கா ஓடுது. உப்பு ஏறாம என்ன பண்ணும்?" டார்ச் அடித்துப் பார்த்தோம். செம்பின் நிறமே தெரியவில்லை. உள்சுவர் முழுக்க வெள்ளையாக, சொரசொரப்பாக ஒரு பூச்சு. படிவின் கடத்துத்திறன் சுமார் 1 என்று வைத்து வரைபடத்தின் மிச்சத் தடையிலிருந்து கணக்கிட்டால், கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம் வந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்ததற்கும் அது பொருந்தித்தான் இருந்தது.

முன்னால் போட்ட கணக்கில் இந்தப் படிவையும் சேர்த்துப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் உப்பு, கடத்துத்திறன் 1 என்றால் தடை 0.0005. எஃகுக் குழாயின் யு 1333-லிருந்து 800-க்கு விழுந்துவிடும். அதே தடையை எஃகால் உண்டாக்க வேண்டுமென்றால் எட்டு மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். செம்பால் என்றால் இருபது சென்டிமீட்டர். தபால்தலை நான்கைந்தை அடுக்கிய அளவுக்கு உப்பு, இருபது சென்டிமீட்டர் செம்புக் கட்டி செய்கிற வேலையைச் செய்துவிடுகிறது. இது தெரிந்த பிறகு "எனக் கொள்க" என்ற வரியை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

டிசைன் பாடத்தில் ஷெல் அண்ட் டியூப் எக்ஸ்சேஞ்சர் வரும், ஒரு பெரிய உறைக்குள் பல குழாய்களை அடுக்கிய வெப்பப் பரிமாற்றி. கெர்ன் 1950-ல் வெளியிட்ட முறையைத்தான் இன்னும் கையால் போடுகிறோம். ஒரு யு மதிப்பை ஊகித்து, பரப்பைக் கண்டுபிடித்து, குழாய்களை எண்ணி, மறுபடி யு கணக்கிட்டு, ஊகித்ததோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஒத்துப்போகாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. எரிச்சலூட்டும் வேலை, ஆனால் ஒருமுறையாவது கையால் போட வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு முடிவுக்குப் பின்னாலும் அதே கேள்வி ஒளிந்திருப்பது தெரியும். குழாய்களை முக்கோணமாக அடுக்கினால் அதிகம் கொள்ளும், குணகமும் கூடும். ஆனாலும் அழுக்குத் திரவம் வெளிப்பக்கம் ஓடினால் சதுரமாகத்தான் அடுக்குவார்கள். சதுர வரிசையில்தான் குழாய்களுக்கு நடுவே சுத்தம் செய்ய வழி இருக்கும். பெரும்பாலும் அழுக்கான திரவத்தைக் குழாய்க்குள்ளேயே விடுவதும் அங்கே பிரஷ் நேராகப் போகும் என்பதால்தான். இதெல்லாம் எந்தச் சமன்பாட்டிலும் இல்லை. படிவு வரும் என்று தெரிந்தவர்கள் போட்ட ஏற்பாடு.

அப்புறம் எவாப்பரேட்டர்கள், கரைசலைக் கொதிக்கவைத்துத் தண்ணீரை ஆவியாக்கிப் பிரிக்கும் கருவிகள். மெக்கானிக்கல் மாணவர்களின் ஹீட் டிரான்ஸ்ஃபரில் துடுப்பும் கதிர்வீச்சும் பெரிய இடம் பிடிக்கும். எங்களுக்கு அந்த இடம் எவாப்பரேட்டருக்கு. ஒரு கிலோ தண்ணீரை 100 டிகிரியில் ஆவியாக்க 2257 கிலோஜூல் வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு 627 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம். இதை அப்படியே வானத்தில் விட்டால் யாருக்கும் கட்டுப்படியாகாது. முதல் பாத்திரத்தில் எழும் ஆவியைக் கொண்டே இரண்டாவதைச் சூடாக்கு, இரண்டாவதின் ஆவியால் மூன்றாவதைச் சூடாக்கு, அடுத்தடுத்த பாத்திரத்தில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால் அவை குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும் என்பதுதான் பன்முனை ஆவியாக்கலின் உயிர்.

இதைச் சர்க்கரைக்காக நடைமுறையில் சாதித்தவர் நோர்பர்ட் ரில்லியூ. 1806-ல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர், கறுப்பினத் தாய்க்கும் வெள்ளைக்காரத் தந்தைக்கும் பிறந்த பிள்ளை. பாரிசில் படித்து, அங்கேயே பொறியியல் கற்பித்து, ஊருக்குத் திரும்பி 1843-லும் 1846-லும் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் லூசியானாவின் கரும்புத் தோட்டங்களில் வரிசையாகத் திறந்த கொப்பரைகள் இருக்கும். அடிமைகள் நின்றுகொண்டு கொதிக்கும் சாற்றை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நீளக் கரண்டியால் மொண்டு ஊற்ற வேண்டும். பலர் வெந்து போனார்கள். ரில்லியூவின் மூடிய பாத்திரங்கள் எரிபொருளைக் குறைத்தன, அந்த மனிதர்களைக் கொப்பரையின் விளிம்பிலிருந்தும் விலக்கின. இன்று நம் ஊர்ச் சர்க்கரை ஆலைகளில் சாறு சுண்டுவதும் அதே தத்துவத்தில்தான். வகுப்பில் இவர் பெயரை யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

பன்முனை ஆவியாக்கலில் தேர்வுக்கு வரும் ஒரு கேள்வி உண்டு: பாத்திரங்களைக் கூட்டினால் கொள்திறன், அதாவது ஆவியாகும் மொத்தத் தண்ணீர், கூடுமா? கூடாது. ஒரு கிலோ நீராவிக்கு வெளியேறும் தண்ணீர் கூடும், அவ்வளவுதான். முதல் பாத்திரத்துக்கு வரும் நீராவி 110 டிகிரி, கடைசிக் கண்டென்சர் 50 டிகிரி என்றால் கையில் இருப்பது 60 டிகிரி. அதை நான்கு பாத்திரம் பங்கு போட்டால் ஆளுக்கு 15. அதிலும் கரைசல் அடர்த்தியாக ஆக அதன் கொதிநிலை ஏறும். அது நான்கு டிகிரி தின்றுவிட்டால் மிச்சம் 11. இவ்வளவு சின்ன வித்தியாசத்தை வைத்துக்கொண்டு வெப்பத்தைத் தள்ளும்போது, வழியில் ஏறும் ஒவ்வொரு தடையும் நேராக அடிக்கும்.

படிப்பு முடிந்து திருப்பூர்ப் பக்கம் ஒரு பொதுச் சாயக்கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிஃப்ட் இன்ஜினியராகச் சேர்ந்தேன். அங்கே ஏன் எவாப்பரேட்டர் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமென்றால் சாயத் தொட்டியில் உப்பு நிறையப் போட வேண்டும், சோடியம் சல்ஃபேட்டோ சாதா உப்போ. சாயம் துணிக்குப் போகும், உப்பு முழுக்கத் தண்ணீரோடு வெளியே வரும். பாக்டீரியாவால் அதை ஒன்றும் செய்ய முடியாது. பல வருடங்கள் அது நொய்யலில் போயிற்று. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிற்று, கிணறுகளில் இறங்கிற்று. விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போய்ப் போராடியதில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத ஏற்பாடு இருந்தால்தான் இயங்கலாம் என்றாயிற்று. ஆகவே முதலில் உயிரியல் சுத்திகரிப்பு, பிறகு ஆர்.ஓ., ஆர்.ஓ. ஒதுக்கித் தள்ளும் உப்புநீர் எவாப்பரேட்டருக்கு. ஆவியான நீர் மறுபடி சாயப்பட்டறைக்கு, உப்பும் முடிந்தவரை மறுபடி சாயப்பட்டறைக்கு. ஆற்றுக்கும் உப்புக்கும் நடுவே கடைசியாக நிற்பது ஒரு ஹீட் டிரான்ஸ்ஃபர் கருவி. அதன் யு விழுந்தால் தொட்டிகள் நிரம்பும், பட்டறைகள் தண்ணீர் அனுப்புவதை நிறுத்த வேண்டி வரும். நாலாவது செமஸ்டரில் எழுதிய எண்ணில் இத்தனை பேரின் பிழைப்பும் ஒரு நதியும் தொங்கிக்கொண்டிருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

சோடியம் சல்ஃபேட்டுக்கு ஒரு வினோத குணம். 32.4 டிகிரி வரை சூடாக ஆக அதிகம் கரையும், அதைத் தாண்டினால் கரைதிறன் மெல்லக் குறையும். கால்சியம் சல்ஃபேட்டும் சூட்டில் கரைதிறன் குறையும் வகைதான். எவாப்பரேட்டரில் மிகச் சூடான இடம் குழாயின் சுவர். ஆக உப்பு முதலில் வந்து உட்காருவதும் அங்கேதான். அதனால்தான் அடர்த்தியான கட்டத்தில் பெரிய பம்ப் வைத்துத் திரவத்தை வேகமாகக் குழாய்க்குள் தள்ளி, அங்கே கொதிக்க விடாமல் அழுத்தத்தில் வைத்து, மேலே பிரிகலத்துக்கு வந்த பிறகு கொதிக்க விடுகிறார்கள். படிகம் திரவத்துக்குள் வளரட்டும், சுவரில் வேண்டாம் என்ற ஏற்பாடு.

ஒரு ராத்திரி ஷிஃப்டில் நீராவி வழக்கம்போல் திறந்திருக்க, வெளிவரும் தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. எனக்கு உடனே படிவு என்றுதான் தோன்றியது, கழுவுவதற்கு நிறுத்தலாமா என்று யோசித்தேன். அங்கே பல வருடம் வேலை பார்த்த மூத்த ஆபரேட்டர் அண்ணா ஒருவர் கேஜ்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தார்.

"தம்பி, உப்புப் பூத்திருந்தா இப்புடிப் பட்டுன்னு எறங்காதுங்க. காத்துப் புடிச்சிருக்குது. ரெண்டாவதுல வென்ட்டக் கொஞ்சம் தொறந்து உடலாமுங்களா?"

காற்றை வெளியேற்றும் அந்த வால்வைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பழைய அளவுக்கு ஏறிவிட்டது. எங்கோ ஒரு கிளாண்டு (சுழலும் தண்டைச் சுற்றிய அடைப்பு) வழியாக வெற்றிடத்துக்குள் காற்று நுழைந்துகொண்டிருந்தது. நீராவி குளிர்ந்து நீராகிவிடும், காற்று ஆகாது. அது குழாயின் மேல் போர்வையாகத் தேங்கிவிடும், நீராவி அதை ஊடுருவித்தான் சுவரைத் தொட வேண்டும். அமெரிக்கப் பொறியாளர் ஆத்மர் 1929-லேயே அளந்து காட்டியிருக்கிறார்: நீராவியில் அரை சதவீதம் காற்று கலந்தாலே குணகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். நான் இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். அண்ணா பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர், இறங்கும் வேகத்தை வைத்தே இரண்டு தடைகளையும் பிரித்தறியக் கற்றிருந்தார். படிவு வாரக்கணக்கில் மெல்லத் தின்னும், வென்ட் திறந்தால் அசையாது. காற்று மணிக்கணக்கில் அடிக்கும், திறந்ததும் போய்விடும். சோடியம் உப்பு என்றால் வெறும் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தாலே கரைந்துவிடும், கால்சியமும் சிலிகாவும் என்றால் அமிலம், உயர் அழுத்த நீர் என்று போக வேண்டும். வில்சன் பென்சிலால் கோடு இழுத்துப் பிரித்ததை அண்ணா தன் நினைவில் இருந்த கோடுகளை வைத்துப் பிரித்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஷிஃப்டிலும் நான்கு பாத்திரங்களின் யு மதிப்பையும் கணக்கிட்டு ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். கோடு எப்போது சரிகிறது என்று அண்ணாவும் வந்து பார்ப்பார்.

கதிர்வீச்சைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. ஸ்டெஃபானும் போல்ட்ஸ்மானும் தந்த நான்காம் அடுக்கு விதி அடுப்புகளுக்கும் உலைகளுக்கும் உயிர்நாடி. நான் வேலை செய்த வெப்பநிலைகளில் அது ஓரமாகத்தான் நின்றது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஃபர்னஸ் பக்கம் வேலை பார்க்கும் நண்பர்கள் எழுத வேண்டிய விஷயம்.

படிக்கிறவர்களுக்கும், அதைவிடக் கற்பிக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். லேப்பில் கண்டென்சரோ இரட்டைக் குழாய் எக்ஸ்சேஞ்சரோ நிச்சயம் இருக்கும். ஒவ்வொரு வருடமும் ஒரே சோதனையை ஒவ்வொரு பேட்ச்சும் செய்து, ரெக்கார்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, அந்த ரெக்கார்டுகள் கடைசியில் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகின்றன. அதற்குப் பதில் வில்சன் கோடு அச்சைத் தொடும் அந்த ஒரு எண்ணை மட்டும் தேதியோடு லேப் சுவரில் ஒரு சார்ட்டில் குறித்து வையுங்கள். ஒரு குழாயை வருடா வருடம் சுத்தம் செய்யுங்கள், இன்னொன்றைத் தொடாதீர்கள். கெர்னும் சீட்டனும் 1959-ல் ஒரு மாதிரி சொன்னார்கள்: படிவு ஒரு பக்கம் ஏறுகிறது, ஓடும் நீர் மறுபக்கம் அதை அரித்துக்கொண்டு போகிறது, இரண்டும் சமமாகும் இடத்தில் தடை ஏறாமல் நின்றுவிடும். மென்மையான சேற்றுப் படிவுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. கெட்டியான கால்சியப் படிவு நிற்காமல் நேராக ஏறிக்கொண்டே போவதும் உண்டு. உங்கள் கல்லூரி போர் தண்ணீர் இதில் எந்த வகை என்பதை எந்த டேட்டா புக்கும் சொல்லாது. ஐந்தாறு பேட்ச் மாணவர்கள் வைத்த புள்ளிகள் சொல்லும். தேவையான ரோட்டாமீட்டரும் வெப்பமானிகளும் ஏற்கெனவே அந்த மேசை மேல்தான் இருக்கின்றன.